பெர்மிட் இல்லாத முயல்கள்

1

நம் ஊர் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் 'வெளிநாட்டில் வாழும் நம்மூரார்' என்று ஒரு பகுதி ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்கு நானும் எழுத வேண்டும் என்று கடிதம் வந்தது. பினாங்கில் இருப்பவர் ரப்பர் மரங்களைப் பற்றி எழுதிவிட்டாராம். கொழும்பில் இருப்பவர் கப்பல் பயணத்தை எழுதி அனுப்பியிருக்கிறாராம். மூன்றாவதாக என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

நான் இருப்பது புதுச்சேரி எல்லைக்குள் உள்ள குருவிநத்தம். வாசகசாலை வாசலில் நின்று பார்த்தால், தென்பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பனைமரக் கூட்டம் தெரியும். அதில் இடமிருந்து நான்காவது மரம் எங்கள் களத்துமேட்டில் நிற்கிறது. பலமாகக் கூப்பிட்டால் எனக்குக் காது கேட்கும்.

கேலிக்காகக் கேட்டார்களா, ஆள் கிடைக்காமல் கேட்டார்களா என்று தெரியவில்லை. ஆனால் சட்டப்படி பார்த்தால் கேட்டது சரிதான். பிரெஞ்சுக்காரர்கள் ஐம்பத்து நாலிலேயே நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றாலும், காகிதத்தில் இந்த மண் முழுசாக இந்தியாவுடன் சேர்ந்தது போன மாதம்தான். அதுவரைக்கும் நான் வெளிநாட்டில்தான் இருந்திருக்கிறேன். போன மாதம், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் தாய்நாடு திரும்பிவிட்டேன். கப்பல் கட்டணம் இல்லை. வழியனுப்ப யாரும் வரவில்லை. வரவேற்கவும் யாரும் வரவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒருவர் சைக்கிளில் வந்து, எங்கள் கொல்லையின் வாசலில் எட்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஓர் ஈய முத்திரையை வெட்டி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனாலும் அந்த முத்திரையைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. ரப்பர் தோட்டம் எனக்குத் தெரியாது. கத்தரித் தோட்டம் தெரியும்.

2

நான் குடியேறிய கதை சின்னது. என் மாமனாருக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஒரே பெண் அஞ்சலை. நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று பேச்சு. எங்கள் வீட்டில் நிலம் கொஞ்சம், அண்ணன் தம்பிகள் அதிகம். அதனால் ஒரு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்று மணலில் இருபது நிமிடம் நடந்து வெளிநாடு வந்து சேர்ந்தேன்.

கடல் கடந்து போனவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. எனக்கு இங்கே எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் என்னையும் தெரியும். பெயர் மட்டும் போய்விட்டது. இந்த ஊரில் நான் 'அஞ்சலை வூட்டுக்காரன்'.

அப்போது நம் கரையில் சுங்கச் சாவடி இருந்தது வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கூடாரம், ஒரு மேஜை, கரை நெடுக நாலு வரிசை முள்கம்பி. அம்மாவைப் பார்க்கப் போனாலும் பெர்மிட் காட்ட வேண்டும். இந்தப் பக்கத்து ஜனங்கள் அதைச் சீட்டு என்பார்கள். நான் ஒரு தடவைகூடச் சீட்டு இல்லாமல் போனதில்லை. மேஜைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன்.

எங்கள் அப்பா இறந்த சேதி வந்தபோதும் அப்படித்தான் நின்றேன். சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி கடலூர் போயிருந்தார். நண்பகலிலிருந்து நின்றேன். அவர் மறுநாள் காலையில்தான் வந்தார். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அண்ணன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். வாசலில் ஈரத் துண்டோடு என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அவர் முந்தின நாளே வந்து, தோள் கொடுத்து, கடைசிவரை இருந்திருக்கிறார். எப்படி வந்தார் என்று யோசித்தேன். சாவடியில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பேச்சு கிடைத்துவிட்டது. நான் குளிக்கப் போனால், "சீட்டு வாங்கியாச்சா மாப்ள?" என்பார். இரண்டாவது தடவை குழம்புக்குத் தட்டை நீட்டினால், "ஊத்து அஞ்சல, சீட்டு வாங்கிட்டுத்தான் கேக்கறாரு" என்பார். வாங்க போங்க என்ற மரியாதை ஒரு எழுத்துக்கூடக் குறையாது. அதுதான் கஷ்டம். மரியாதை இல்லாமல் பேசினால் கோபித்துக்கொள்ளலாம்.

3

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டில். கொட்டிலைத் தாண்டி, ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு பத்துக் குழி கொல்லை சும்மா கிடந்தது. ஐம்பத்து நாலு ஆடி மாதத்தில் அதைக் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"மாமா, கொல்லை சும்மாதான் கெடக்குது. நாலு செடி வெக்கலாமான்னு..."

"அதுல தையில வைக்கப்போர் போடலாம்னு இருக்கறன். ஒங்களுக்கு இன்னாத்துக்கு மாப்ள இந்த வேல? சந்தைக் காய் எறங்கலயா?"

அஞ்சலை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏம்பா, அவரு வாயத் தொறந்து கேக்கறதே வருசத்துக்கு ஒரு வாட்டி. குடுத்தா இன்னாவாம்?"

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "சரி. தைப் பொங்கலுக்குக் கொழம்புல போடற காய் அத்தினியும் அந்தக் கொல்லையிலேர்ந்து வரட்டும். பாகூர் சந்தையில ஒரு காய் வாங்கக்கூடாது. வந்துட்டா கொல்ல ஒங்களுது. வரலன்னா வைக்கப்போரு."

அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. அந்த வீட்டில் என் தட்டில் விழுந்த ஒவ்வொன்றும் அவருடையது. ஒரு நாளாவது என் கையால் விளைந்ததை அவர் சாப்பிட வேண்டும் என்றிருந்தது. அது நடக்காவிட்டால் அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போய்க் கூலி வேலை செய்வது என்று மனசுக்குள் முடிவு செய்து, பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். அஞ்சலை பார்த்தாள். மறுநாள் பெட்டியைத் திறந்தால், அவளுடைய பழைய சேலைகளும் குழந்தை செல்வியின் பாவாடைகளும் மூடி மட்டத்துக்கு அடைந்து கிடந்தன. என் ஒரு வேட்டி வைக்கக்கூட இடம் இல்லை.

விதை நம் ஊரிலிருந்துதான். அம்மா ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள். சாவடியில் முடிச்சை அவிழ்த்தார்கள்.

"என்னய்யா இது?"

"கத்தரி விதைங்க."

"எத்தனை?"

"எண்ணலைங்க."

"எண்ணாம எப்படிய்யா எழுதறது?" என்றார் காவல்காரர். பிறகு ஒரு கடலை மணியளவு எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பிடி" என்று எழுதிக்கொண்டார். அவர் கை பெரிய கை. அவருடைய பிடியில் பாதிகூட என் முடிச்சில் இராது.

அவரையும் பூசணியும் கொத்தவரையும் ஊன்றினேன். கத்தரிக்கு நாற்று விட்டேன். எட்டாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் நாற்றங்கால் மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. அங்கங்கே மிளகைக் கொட்டி வைத்த மாதிரி புழுக்கை.

மாமனார் குனிந்து கால்தடத்தைப் பார்த்தார். தடம் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்து ஆற்றுப் பக்கமே திரும்பியிருந்தது.

"ஒங்க ஊரு மொசலு மாப்ள. பெர்மிட் இல்லாம வந்துட்டுப் பெர்மிட் இல்லாம போவுது பாருங்க. ஒங்களுக்கு இருக்கற ஒழுக்கம் அதுக்கு இல்ல."

சாயங்காலத்துக்குள் இது டீக்கடை வரை போய்விட்டது. "அஞ்சல வூட்டுக்காரரே, இன்னிக்கு மாமியார் வூட்டுக்கு எத்தினி சொந்தக்காரங்க வந்தாங்க?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

பழைய சட்டையை மாட்டிப் பொம்மை வைத்தேன். முயல்கள் அதன் நிழலில் உட்கார்ந்து தின்றன. முள் வேலி போடலாமென்றால், நல்ல வேல முள் ஆற்றின் நடுத்திட்டில்தான் இருந்தது. திட்டு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று தீர்மானமாகவில்லை, ஆகவே யாரும் வெட்டக்கூடாது என்று சாவடியில் சொல்லிவிட்டார்கள். புரட்டாசியில் இரண்டாம் முறை நாற்று விட்டேன். இந்தத் தடவை உடைந்த பானைகளில் விட்டுக் கொட்டில் கூரைமேல் தூக்கி வைத்தேன். ஐப்பசியில் அதை இறக்கி நட்டுத்தான் ஆக வேண்டும். நட்டால் முயல்.

4

அந்த ஐப்பசியில்தான் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள். ஊரில் மேளம், கொடி, சர்க்கரைப் பொங்கல். மாமனார் புது வேட்டி கட்டிக்கொண்டு பாகூர் வரைக்கும் போய்வந்தார். நான் கத்தரி நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சாவடிக் கூடாரத்தைப் பிரித்தார்கள். என் விதையை அளந்த அதே காவல்காரர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கம்பியெல்லாம் கெடக்கு. வேணும்னா சுருட்டிட்டுப் போய்யா. இனிமே யாரைத் தடுக்கப்போறோம்?" என்றார்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் சிரித்தார். எழுதிக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் இருபது வீடாவது அந்தக் கம்பியை எடுத்து வந்திருக்கும். துணி காயப்போட, மாடு கட்ட, கூரை இழுத்துக் கட்ட. முழுசாக வேலி போட்டவன் நான் ஒருவன்தான். கருவேலங் கழிகளை நட்டு, நானும் அஞ்சலையும் மூன்று நாள் இழுத்துக் கட்டினோம். நாலு வரிசை. ஒரு பக்கத்தில் மட்டும் கம்பி முனைகளைக் கழியில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி விட்டு, அதை வாசலாக வைத்துக்கொண்டேன். ஊரே வந்து பார்த்தது.

"இம்மாம் நாளா நம்மளக் கட்டி வெச்சிருந்த கம்பி. இப்பக் கத்திரிக்காயக் காவல் காக்குது" என்றார் மாமனார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை வேலிக்கு உள்ளே புழுக்கை கிடந்தது.

கோபம் தணிந்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கம்பி ஆளைத் தடுப்பதற்காகச் செய்தது. கீழ் வரிசைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. முயலுக்கு அது கோயில் வாசல். அதற்குள் நடுத்திட்டு எந்த நாடு என்ற கேள்வியும் தீர்ந்திருந்தது. வேல முள் வெட்டி வந்து, கீழ்க் கம்பியோடு சுற்றிலும் நெருக்கி அடைத்தேன். வாசலிலும் ஒரு முள் கட்டு.

அதன் பிறகு ஒரு முயல்கூட வரவில்லை. கார்த்திகை மழையில் செடி கிளம்பியது. அவரை பந்தல் ஏறியது. மார்கழிப் பனியில் முதல் கத்தரிப்பூவைப் பார்த்தபோது, அதைக் காட்ட அஞ்சலையைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "பொட்டில கெடக்கற சேலய எடுத்துடட்டுமா, வேணாமா?" என்றாள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றேன்.

5

மார்கழி பாதியில் கொம்யூன் ஆபீஸிலிருந்து, நம் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி அது, ஓர் எழுத்தர் சைக்கிளில் வந்தார். இளவயது. கையில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஒன்றில் பத்திகளின் தலைப்பு பிரெஞ்சில், மற்றதில் இங்கிலீஷில். பழைய சர்க்காருக்கும் புதிய சர்க்காருக்கும் சொந்தமான சாமான்களைக் கணக்கெடுக்கிறாராம்.

அவர் தெருமுனையில் திரும்புவதற்குள் இருபது வீட்டுக் கம்பியும் வைக்கோலுக்குள் புகுந்துவிட்டது. என்னுடையது மட்டும் நாலு வரிசையாக நின்றது. அதற்குப் பக்கத்தில் நானும் நின்றேன்.

"இந்தக் கம்பி யாருதுங்க?"

"சர்க்காருதுங்க" என்றேன்.

பின்னால் மாமனார் இருமினார். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேஜைக்கு முன்னால் நின்ற பழக்கம்.

"எந்த சர்க்கார்?"

"அந்தப் பக்கத்து சர்க்கார். சாவடிக்காரரு வாயால சொன்னாரு எடுத்துக்கச் சொல்லி."

எழுத்தர் இரண்டு புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்தியா கம்பி, பிரெஞ்சு மண்ணுல நிக்குது. ஆனா மண்ணும் இப்ப இந்தியாகிட்ட. சட்டப்படி இன்னும் குடுக்கல. எந்தப் பத்தியில எழுதறதுன்னே தெரியலீங்க" என்றார் பரிதாபமாக. "பிடுங்கி எடுத்துட்டுப் போகவும் எனக்கு அதிகாரமில்ல. முடிவு ஆகிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது. அவ்வளவுதான்."

கழிகளை எண்ணினார். கம்பி வரிசைகளை எண்ணினார். பிறகு ஒரு தகட்டையும் ஈய முத்திரையையும் எடுத்து, கம்பி முனை இரண்டும் சேர்கிற இடத்தில் வைத்து அழுத்தினார்.

"அது வாசலுங்க" என்றேன்.

"அப்படியா?" என்றார். முத்திரை அதற்குள் இறுகிவிட்டது. "உடைச்சா கேஸ் ஆயிடும். பாத்துக்கங்க." சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

அவர் போன பிறகு மாமனார் என்னிடம் வந்தார். "இருவது வூட்டுல கம்பி கீது. ஒரு வூட்டுல ஆள் நின்னு பதில் சொன்னானா? நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றீங்க. சீட்டு வாங்காத ஒரு கம்பியக்கூட ஒங்களால வெச்சிக்க முடியலியே மாப்ள."

தோட்டத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு அதற்கு முன்னாலும் பின்னாலும் கிடைத்ததில்லை. முயல் உள்ளே போக முடியாது. நானும் போக முடியாது. முள் அடைப்பைப் பிரித்தால் நான் நுழையலாம், ஆனால் நான் நுழைகிற வழி முயலுக்கும் வழி. அதோடு, கம்பியைத் தொடாமல் எப்படி நுழைவது? கத்தரிக்காய் என் கண்ணெதிரில் காய்த்து, ஊதா மினுமினுப்பு ஏறி, சிலது முற்றி மஞ்சளாக ஆரம்பித்தது. நான் வெளியே நின்று பார்த்தேன். திட்டுக்கு அந்தப் பக்கம் முயல்களும் பார்த்திருக்கும்.

பாகூருக்குப் போய் மனு கொடுத்தேன். புதுச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். புதுச்சேரியில், மனு பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்றார்கள். பிரெஞ்சில் எழுதிக் கொண்டுபோனபோது, அதை வாங்குகிறவர் மாற்றலாகிவிட்டார், புதியவருக்கு இங்கிலீஷ்தான் தெரியும் என்றார்கள். பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. நான் வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். அஞ்சலை அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தாள். செல்விக்கு அப்போது ஐந்து வயது. அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவளும் ஒரு பாவாடையைக் கொண்டுவந்து வைத்தாள்.

6

போகியன்று காலையில் அஞ்சலை ஓடிவந்தாள். "அப்பா பைய எடுத்துகினு கெளம்பிட்டாரு."

பாகூர் சந்தைக்குத்தான் என்று எனக்குப் புரிந்தது. முடிந்தது என்று எழுந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் கொட்டில் வழியாக வெளியே போய்விடலாம் என்று போனால், மாமனார் சந்தைப் பக்கம் போகவில்லை. கொல்லையின் ஆற்றுப் பக்கத்து மூலையில் நின்றார். ஒரு கையில் பை, மறு கையில் ஒரு கவட்டைக் குச்சி.

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு முள் கட்டை மட்டும் இழுத்து ஒதுக்கினார். கவட்டையைக் கீழ்க் கம்பிக்குக் கொடுத்து மேலே தூக்கி நிறுத்தினார். பிறகு, அறுபது வயது மனுஷர், மல்லாந்து படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, குதிகாலால் தரையை உந்தி உந்தி, தலை முதலாக உள்ளே போய்விட்டார். ஒரு முள் படவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க? வாங்க."

"மாமா, முத்திர..."

"முத்திர வாசல்ல கீது. நான் வாசப் பக்கமே போவலயே."

"கம்பியத் தொடக்கூடாதுன்னு சொன்னாரு."

"நான் எங்கத் தொட்டன்? கவட்ட தொட்டுது. கேஸ் போடறதுன்னா கவட்ட மேல போடட்டும்."

நான் குப்புறப் படுத்தேன்.

"ஐயையோ, குப்புறப் படுக்காதீங்க! முதுவு கிழியும். மல்லாக்கப் படுங்க. கம்பி கண்ணுக்கு எதுர இருக்கணும். அப்பத்தான் முள்ளு எங்க கீதுன்னு தெரியும்."

மல்லாந்து படுத்தேன். என் மூக்குக்கு மேல் நாலு விரல் உயரத்தில் அந்தக் கம்பி போயிற்று. இத்தனை வருடம் அதற்கு முன்னால் நின்றிருக்கிறேன். அதன் அடியைப் பார்த்தது அன்றுதான். அடியில் நிறையத் துரு.

உள்ளே எழுந்து நின்றதும் கேட்டேன். "இத எங்க மாமா கத்துக்கினீங்க?"

அவர் அவரைப் பந்தலில் கையை விட்டபடி சொன்னார். "இந்த ஊர்ல இது தெரியாத ஆளு நீங்க ஒருத்தருதான். அரிசிக்குப் போனவன், துணிக்குப் போனவன், பொண்ணு பாக்கப் போனவன், எல்லாம் இப்படித்தான். நான் மட்டும் போனதில்ல. எனக்கு இன்னா அவசியம்? ஒரே ஒரு தபாதான் போனன். அன்னிக்குச் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. அவசரத்துல குப்புறப் படுத்துட்டன்."

திரும்பி நின்றார். சட்டை போடாத முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு நீளத் தழும்பு. கிணற்றடியில் நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மாடு முட்டியது என்று நினைத்திருந்தேன்.

"ஒங்கப்பா போன அன்னிக்கு" என்றார். "நீங்க சீட்டுக்கு நின்னுகினு இருந்தீங்க. நம்ம வூட்டுலேர்ந்து ஒரு ஆளாச்சும் போயி நிக்கணும் இல்ல?"

நான் ஒரு கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பறிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

அவர் என் பக்கம் பார்க்காமல், "வழி தொறந்து கெடக்குது பாருங்க. மொதல்ல அந்த முள்ள இழுத்து மூடுங்க மாப்ள" என்றார். "உள்ள வந்தவன் முள்ள மூடிட்டுத்தான் அடுத்த வேல பாக்கணும். அப்ப ரோந்துக்காரன் கண்ணுக்குத் தடம் தெரியக்கூடாது. இப்ப மொசலு கண்ணுக்கு."

இழுத்து மூடினேன். கையில் முள் ஏறியது. அது ஒரு சாக்காக ஆயிற்று, கண்ணைத் துடைத்துக்கொள்ள.

மறுநாள் குழம்பில் கத்தரி, அவரை, கொத்தவரை, மஞ்சளாகக் கனிந்த ஒரு பூசணித் துண்டு, எல்லாம் அந்தக் கொல்லையிலிருந்து. மாமனார் சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கினார். "உப்பு கம்மி அஞ்சல" என்றார். கொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்தத் தையில் வைக்கோல் போர் களத்துமேட்டில் எழுந்தது. அஞ்சலை டிரங்குப் பெட்டியைச் சேலைகளோடு அப்படியே பரணில் ஏற்றிவிட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

7

அதற்குப் பிறகு எட்டு வருடம். என் மனுவுக்குப் பதில் ஒரே ஒரு தடவை வந்தது. விஷயம் பரிசீலனையில் இருப்பதாக. நாங்கள் மூன்று பேரும் தினமும் மல்லாந்து படுத்துத்தான் தோட்டத்துக்குப் போனோம். தண்ணீர்க் குடத்தை மட்டும் கம்பிக்கு மேலாகக் கைமாற்றினோம். முதல் வருடம் ஊர் சிரித்தது. அப்புறம் வழக்கமாகிவிட்டது.

முத்திரைத் தகட்டில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. பெரிய சட்டமாக இருக்கும் என்று நாங்கள் பயந்து, மாடுகூட அந்தப் பக்கம் உரசாமல் பார்த்துக்கொண்டோம். செல்விக்குப் பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு வந்தபோது ஒரு நாள் படித்துச் சொன்னாள். "எண் பதினாலு, பார்த்தாயிற்று" என்று எழுதியிருந்ததாம். அவ்வளவுதான்.

இப்போது செல்விக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் இங்கிலீஷ் படிக்கிறாள், பிரெஞ்சு மறந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு முள்கம்பி என்றால் காய்கறி வேலி. ஆற்றைத் தாண்டப் பெர்மிட் வேண்டியிருந்தது என்று சொன்னால் நம்புவதில்லை. "இந்த ஆத்துக்கா? முட்டிக்காலு தண்ணிகூட இல்ல. போப்பா, சும்மா சொல்ற" என்கிறாள். பினாங்குக்காரர் தன் பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிட்டதாக வருத்தப்பட்டு எழுதியிருப்பார். என் பெண்ணுக்கு நான் வெளிநாட்டில் இருந்தேன் என்பதே தெரியாது.

முத்திரையை வெட்ட வந்தவர் வேறு ஆள். கம்பியை என்ன செய்வது என்று கேட்டேன். "எந்தக் கம்பி? பட்டியல்ல முத்திரை மட்டும்தான் இருக்கு" என்றார். முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எட்டு வருடம் கழித்து வாசலைத் திறந்தேன். மாமனாருக்கு இரண்டு வருடமாகப் படுத்து நுழைய முடிவதில்லை. இடுப்பு வணங்கவில்லை. வெளியே நின்றே, அங்கே பூச்சி, இங்கே களை என்று அதிகாரம் செய்வார். அவரைக் கைப்பிடித்து வாசல் வழியாக நடத்தி உள்ளே கூட்டிவந்தேன். நிமிர்ந்தபடி வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"உள்ள வந்த மாதிரியே இல்லியே மாப்ள" என்றார்.

மூன்றாம் நாள் செல்வி வாசலைச் சாத்த மறந்தாள். மறுநாள் காலை நாற்றங்கால் மொட்டை. எட்டு வருடம் வராத முயல்கள் நேர் வழியாக வந்து போயிருந்தன. நான் வாசலை இறுக்கிக் கட்டி முள் அடைத்துவிட்டேன். நாங்கள் பழையபடி மூலை வழியாகத்தான் போகிறோம்.

நாளை அப்பாவுக்குத் திதி. வருடந்தோறும் இந்தக் கொல்லைக் காய்களைத்தான் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். இந்தக் கட்டுரையையும் அதே கூடையில் வைத்து நானே வாசகசாலையில் கொடுத்துவிடுகிறேன். தபால் வேண்டாம். சாவடி இருந்த இடத்தில் இப்போது எருக்கஞ்செடிதான் இருக்கிறது. ஆனாலும் அங்கே வந்ததும் என் கால் கொஞ்சம் தயங்கும், கை செருப்பைத் தேடும். நாளை தயங்காமல் நடந்து பார்க்க வேண்டும்.

சற்று முன் காய் பறிப்பதற்காகக் கூடையோடு கிளம்பினேன். கட்டிலில் கிடந்த மாமனார் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"நாளைக்கு அக்கரைக்கா? சீட்டு வாங்கியாச்சா மாப்ள?"

"இல்ல மாமா. வாங்கல."

"அப்ப சரி" என்றார். "போய்ட்டு வாங்க."